ஜன்னல் வழியே விழுந்த சொல்

ஓர் ஆளைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே வீசுவதற்கென்றே ஐரோப்பியர்களிடம் ஒரு சொல் இருக்கிறது: டிஃபெனஸ்ட்ரேஷன். இப்படியொரு வேலைக்குத் தனிச்சொல் வேண்டுமா என்று கேட்கலாம். பிராக் நகரத்தார் வேண்டும் என்பார்கள்.

1618 மே 23. புராட்டஸ்டண்டுகளின் வழிபாட்டு உரிமைக்கு 1609-இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் எழுதிக்கொடுத்த உறுதிமொழி காற்றில் பறந்துவிட்டது என்ற ஆத்திரத்தோடு பொஹீமியப் பிரபுக்கள் பிராக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். அரசப் பிரதிநிதிகளான மார்டினிட்ஸ், ஸ்லாவாடா இருவரையும் நிற்கவைத்து விசாரித்தார்கள். முதலில் மார்டினிட்ஸ் ஜன்னல் வழியே போனார். ஸ்லாவாடா ஜன்னல் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். குத்துவாளின் பிடியால் விரல்களில் அடித்த பிறகுதான் கை விட்டது. பின்னாலேயே எழுத்தர் ஃபாப்ரிசியுஸும் போனார். பாவம், அவர் வெறும் குமாஸ்தா.

ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். மூவரும் பிழைத்தார்கள்! கன்னி மரியாள் தாங்கிப் பிடித்தாள் என்றது கத்தோலிக்கத் தரப்பு. கீழே கிடந்த குப்பைமேடுதான் தாங்கியது என்றது எதிர்த்தரப்பு. கனத்த அங்கிகளும் சரிவான சுவரும் காப்பாற்றியிருக்கலாம் என்பது என் கட்சி. ஃபாப்ரிசியுஸ் வியன்னாவுக்கு ஓடிச் சேதி சொன்னார். பிற்பாடு அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது: 'ஹோஹென்ஃபால்', அதாவது உயர்வீழ்ச்சிக்காரர். பட்டம் கொடுத்தவர்களுக்குக் குறும்பு அதிகம். அன்று மூண்ட கலகமோ 1648 வரை நீண்ட முப்பதாண்டுப் போராக வளர்ந்தது.

பிராகில் இது முதல் தடவையும் இல்லை. 1419-இலேயே ஹுஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய கிளர்ச்சியாளர்கள் நகரமன்ற உறுப்பினர்களை மாடியிலிருந்து வீசிக் கொன்றிருந்தார்கள். ஆனால், சொல் புழக்கத்துக்கு வந்தது 1618-க்குப் பிறகுதான். லத்தீனில் 'ஃபெனெஸ்ட்ரா' என்றால் ஜன்னல். முன்னால் 'டி' சேர்த்தால் வெளியேற்றம். ரோமானியர்கள் அறியாத லத்தீன் இது, பின்னாள் படிப்பாளிகள் கட்டியது.

பிறந்த காரியம் முடிந்ததும் சொல் வேறு வேலை தேடிக்கொண்டது. பிரெஞ்சில் ஒருவர் தானே ஜன்னலிலிருந்து குதிப்பதையும் அது குறிக்கும். இத்தாலியில் பதவியிலிருந்து தூக்கியடித்தாலும் அதே சொல்தான். எலும்பு முறியாது, நாற்காலி மட்டும் போகும். கணினிக்காரர்கள் தங்கள் பங்குக்கு, விண்டோஸைக் கழற்றி எறிவதற்கு அதை வைத்துக்கொண்டார்கள்.

ஃபெனெஸ்ட்ராவின் வாரிசுகளிலும் விசித்திரம் உண்டு. பிரெஞ்சின் ஃபெனெத்ரும் ஜெர்மனின் ஃபென்ஸ்டரும் அதன் நேர்வழி. ஸ்பானியர்கள் அதை விட்டுவிட்டுக் காற்றை வைத்து 'வென்டானா' என்றார்கள். ஆங்கில 'விண்டோ'வோ பழைய நோர்ஸ் மொழியின் 'காற்றுக்கண்'. காற்றுக்கு வழி என்ற பொருளில் நாமும் 'காலதர்' என்று வைத்திருந்தோம். சிலப்பதிகாரத்தில் வரும் காலதருக்கு மானின் கண்ணே உவமை. பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள். லத்தீனின் 'யானுவா', அதாவது கதவு, சிறுத்து 'ஜனேலா' ஆகி, நம் வீட்டுச் சுவரில் ஜன்னலாகப் பொருந்திவிட்டது.

ஜெர்மானியர்கள் மட்டும் லத்தீன் வடிவத்துக்காகக் காத்திராமல் 'ஃபென்ஸ்டர்ஷ்டுர்ட்ஸ்' என்று தாங்களே கட்டிக்கொண்டார்கள், ஜன்னல்வீழ்ச்சி என்று. அங்கே கொத்தனாரிடம் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள், ஜன்னலுக்கு மேலே போடும் லிண்டலுக்கு அளவு கேட்பார்.