நரம்பு என்றால் எந்த நரம்பு?

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ளது புக்கிட் தெங்கா. மலாயில் 'நடுக்குன்று' என்று பொருள். ஒரு காலத்தில் கரும்பும் ரப்பரும் விளைந்த செபராங் பிறை வட்டாரம் இது. இன்று தொழிற்சாலைகள் நிறைந்து விட்டன. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டி, பேத்தியை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனால் சொல்வது மாறவில்லை: "கெண்டைக்கால்ல நரம்பு இழுக்குது, ஆயி."

பேத்தி அதை மலாயில் 'ஊராட்' என்று சொல்கிறாள். மருத்துவர் அதை ஆங்கிலத்தில் 'நெர்வ்' என்று எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? பிடித்துக்கொண்டது தசை, ஏட்டில் ஏறியது நரம்பு!

இதில் பாட்டியின் தவறு எதுவும் இல்லை. தமிழில் 'நரம்பு' மிகப் பழைய சொல். உடலுக்குள் கயிறு போல ஓடுவதெல்லாம் நரம்புதான். இரத்தக் குழாயும் நரம்பு, தசையை எலும்போடு கட்டும் நாணும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு. சங்க காலத்தில் யாழில் இழுத்துக் கட்டியதும் நரம்பே. அதையும் தாண்டி, யாழிலிருந்து பிறக்கும் சுரத்துக்கும் அதே பெயர் வந்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களையும் நரம்பு என்றே இசை நூலார் குறித்தனர். ஒன்றோடொன்று பொருந்தும் சுரங்களை இணை நரம்பு, கிளை நரம்பு என்றும், பொருந்தாதவற்றைப் பகை நரம்பு என்றும் பிரித்தார்கள்.

வியப்பு என்னவென்றால், கிரேக்கர்களும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டோன்' என்கிறோமே, அதன் மூலம் கிரேக்கத்தின் 'தோனோஸ்'. இழுத்துக் கட்டுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். இழுத்துக் கட்டிய தந்தி எழுப்பும் ஒலிக்கும் அது பெயரானது. உடல் தசையின் முறுக்குக்கும் பெயரானது. தளர்ந்த உடலுக்கு அந்த முறுக்கைத் திருப்பித் தரும் மருந்துதான் 'டானிக்'. வீட்டு அலமாரியில் இருக்கும் டானிக் பாட்டிலுக்கும் யாழ் நரம்புக்கும் இப்படியும் ஓர் உறவு!

தமிழில் புழங்கும் 'தந்தி' வடமொழியிலிருந்து வந்தது. நீட்டுதல், இழுத்தல் என்ற பொருள் தரும் அதன் வேரும் கிரேக்கச் சொல்லின் வேரும் ஒன்றே என்பது மொழியறிஞர்களின் முடிவு. வீணையின் கம்பிக்கு இருந்த இந்தப் பெயர்தான், கம்பி வழியே செய்தி வந்தபோது அதற்கும் பெயரானது.

தசையின் கதை வேறு. 'மஸில்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீன் மூலம் 'மூஸ்குலுஸ்', அதாவது சுண்டெலி. கையை மடக்கும்போது தோலுக்கடியில் எலி ஓடுவதுபோலத் தெரிந்ததாம். 'மூஸ்' என்ற லத்தீன் எலியும், பிள்ளையாரின் மூஷிக வாகனமும் சொல் வழியில் உறவினர்களே. தமிழர் கண்ணுக்கோ எலி தெரியவில்லை. கால் தசைக்குக் கெண்டை என்ற மீனின் பெயர் வழங்குகிறது. நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய வடிவத்தைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். அதற்கே 'ஆடுசதை' என்றும் பெயர் உண்டு. அது தசையின் வேலையைச் சொல்கிறது. சித்த மருத்துவம் உடற்கட்டுகள் ஏழில் ஒன்றாகத் தசையை 'ஊன்' என்று வைத்தது.

இத்தனை வளமான சொற்கள் இருந்தும், நவீன மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முயன்றவர் ஓர் அமெரிக்கர் என்பது குறிப்பிடத்தக்கது. டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றினார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மாணவர்களின் துணையோடு அவர் உருவாக்கிய உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் வெளிவந்தது. சொல் கிடைக்காத இடத்தில் வடமொழியை நாடினார்; அதுவும் போதாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழாக்கிக் கொண்டார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் மறையும் வரை தமிழ் மருத்துவ நூல் பணியை அவர் விடவில்லை.

மலாயாவுக்குப் பின்னாளில் யாழ்ப்பாணத்தார் பலர் வந்தனர். ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றினர். ஆனால் கிரீனின் தமிழ் மருத்துவம் இங்கே வேரூன்றவில்லை. தோட்டத்து மக்களுக்குக் கிடைத்தது டிரசரும் அவர் தந்த மருந்தும்தான். நோயைச் சொல்ல அவர்களிடம் இருந்தது பாட்டன் பாட்டியின் 'நரம்பு' ஒன்றே. பக்கத்தில் இருந்த மலாய்க்காரர்களின் 'ஊராட்'டும் நாண், நரம்பு, குழாய் மூன்றையும் குறிக்கும் சொல்தான். கடுமையாக வாதிடுவதை மலாயில் 'பெர்தெகாங் ஊராட்' என்பார்கள். நரம்பு புடைக்க வாதாடுவது என்று தமிழில் சொல்வதைப் போலவே!

பள்ளிக்கூடத்திலும் ஓர் இடைவெளி விழுந்தது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின, தமிழ்ப்பள்ளிகளும் விலக்கல்ல. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல்தான் அறிவிக்கப்பட்டது. இடையில் படித்த பிள்ளைகளுக்கு 'மஸில்' தெரியும், 'நெர்வ்' தெரியும். பாட்டியின் நரம்பு இவற்றில் எது என்பதுதான் தெரியாது.

அந்தப் பேத்தி பாட்டியைத் திருத்த வேண்டியதில்லை. இரண்டு கேள்வி கேட்டால் போதும். "பிடிச்சு இழுக்குதா, மரத்துப் போகுதா?" இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் தசையின் வேலை. மரத்துப் போவதும் சுரீர் என ஊசி குத்துவதும் நரம்பைச் சுட்டலாம். அந்தப் பதிலை அப்படியே மருத்துவரிடம் சொல்லட்டும். 'ஊராட்' என்ற ஒற்றைச் சொல்லை விட அது பாட்டிக்கு அதிகம் உதவும்.