ஸ்பானியக் கெட்டிச் சாக்கலேட்

ஸ்பானியக் கெட்டிச் சாக்கலேட் என்பது கறுப்புச் சாக்கலேட்டைப் பாலிலோ நீரிலோ கரைத்து, சிறிதளவு மாவுச்சத்துச் சேர்த்துக் காய்ச்சிச் சூடாகப் பரிமாறப்படும் ஒரு பானம் ஆகும். ஸ்பெயின் நாட்டில் இது சொக்கொலாத்தே ஆ லா தாசா என்று அழைக்கப்படுகிறது. 'கோப்பைச் சாக்கலேட்' என்பது இதன் பொருள். கொக்கோத் தூளைப் பாலில் கலக்கிக் குடிக்கும் பானத்திலிருந்து இது பெரிதும் வேறுபட்டது. கூழின் பதத்தில் இருப்பதால் இதனைக் கரண்டியால் எடுத்தும் உண்ணலாம். பொரித்த மாப்பண்டங்களை இதில் தோய்த்தும் உண்பர். பானம் என்றும் உணவு என்றும் இரு வகையாகவும் கருதத்தக்க இந்த இயல்பே இதன் வரலாற்றிலும், சட்ட வரையறையிலும், செய்முறையிலும் முதன்மை பெறுகிறது.

வரலாறு

கொக்கோ மரம் அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. நடு அமெரிக்கப் பகுதியில் வாழ்ந்த மாயா, அசுட்டெக் மக்கள் கொக்கோ விதைகளை வறுத்து அரைத்து நீரில் கலந்து பருகினர். மிளகாய், நறுமணப் பூக்கள் ஆகியவற்றுடன் அரைத்த மக்காச்சோளமும் இப்பானங்களில் சேர்க்கப்பட்டதுண்டு. மெக்சிக்கோவில் மக்காச்சோள மாவு சேர்த்துக் காய்ச்சப்படும் சம்புராதோ என்னும் சாக்கலேட் கஞ்சி இன்றும் வழக்கில் உள்ளது. எனவே, சாக்கலேட்டைத் தானியத்தால் கெட்டியாக்கும் வழக்கம் ஐரோப்பாவில் தோன்றியதன்று.

எர்னான் கோர்த்தேசு தலைமையிலான ஸ்பானியப் படை 1519 ஆம் ஆண்டில் மெக்சிக்கோவை அடைந்தது. 1544 ஆம் ஆண்டில் தொமினிக்கன் துறவிகள் கெக்சி மாயா இனத்தவர் சிலரை ஸ்பெயினுக்கு அழைத்துச் சென்று இளவரசர் பிலிப்பைச் சந்திக்கச் செய்தனர். அவர்கள் கொண்டுசென்ற காணிக்கைகளுள் சாக்கலேட் பானமும் இருந்தது. ஸ்பெயினில் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் சேர்த்துச் சூடாகப் பருகும் முறை பரவியது.

அந்தோனியோ கொல்மெனெரோ தெ லெதெசுமா என்ற மருத்துவர் சாக்கலேட்டைப் பற்றி எழுதிய நூல் 1631 ஆம் ஆண்டில் மத்ரித் நகரில் வெளியானது. அதிலுள்ள செய்முறை 100 கொக்கோ விதைகளுடன் மிளகாய், சோம்பு, வனிலா, இலவங்கப்பட்டை, பாதாம், சர்க்கரை முதலியவற்றைச் சேர்க்கச் சொல்கிறது. மிளகாய் பின்னாளில் வழக்கொழிந்தது. இலவங்கப்பட்டை மட்டும் சிலர் வீடுகளில் எஞ்சியுள்ளது.

இப்பானத்திற்கெனத் தனிப் பாத்திரங்களும் தோன்றின. இதனை ஊற்றிக் குடிக்கும் சிறு கோப்பை ஹிக்காரா எனப்பட்டது. கோப்பை சாயாதபடி நடுவில் வளையம் பொருத்திய தட்டு மன்செரினா எனப்பட்டது. 1639 முதல் 1648 வரை பெரு நாட்டில் அரசப் பிரதிநிதியாக இருந்த மன்செரா பிரபுவின் பெயரால் இத்தட்டு வழங்கலாயிற்று. சாக்கலேட்டைக் கடையப் பயன்படும் மரமத்து மொலினில்லோ எனப்படுகிறது.

பானமா, உணவா?

கத்தோலிக்கத் திருச்சபையின் நோன்பு நாட்களில் உணவு விலக்கப்பட்டிருந்தது, பானம் விலக்கப்படவில்லை. எனவே, சாக்கலேட் அருந்தினால் நோன்பு முறியுமா என்ற வினா எழுந்தது. இதை ஆராய்ந்து அந்தோனியோ தெ லெயோன் பினெலோ எழுதிய நூல் 1636 ஆம் ஆண்டில் மத்ரித்தில் வெளிவந்தது. 1664 ஆம் ஆண்டில் கர்தினால் பிரான்செசுக்கோ மரியா பிரான்காச்சோ, நீர்மமான பானம் நோன்பை முறிக்காது என்று எழுதினார்.

விவாதத்தின் மையம் கொக்கோவில் மட்டும் இருக்கவில்லை. அதனுடன் சேர்க்கப்படும் பொருட்களிலும் இருந்தது. நீரில் கரைத்த சாக்கலேட் பானமே என்று கொண்டோருள்ளும் சிலர், மாவு, முட்டை, பால் முதலியன சேர்ந்தால் அது உணவாகிவிடும் என வாதிட்டனர். இன்றைய சத்துக் கணக்கும் இவர்கள் பக்கமே சாய்கிறது. கீழே தரப்பட்டுள்ள அளவுப்படி செய்த ஒரு கோப்பைச் சாக்கலேட்டில் 300 கிலோ கலோரிக்கு மேல் ஆற்றல் உள்ளது. இது ஒரு சிற்றுண்டிக்கு ஒப்பானது.

கெட்டியாகும் விதம்

இப்பானத்தின் கெட்டித்தன்மைக்கு அதிகமான சாக்கலேட்டே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். இது ஓரளவே உண்மை. சாக்கலேட்டிலுள்ள கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிவிடும். ஆகவே, சூடான பானத்தில் கொக்கோ வெண்ணெய் நீர்ம நிலையிலேயே இருக்கும். நுண்ணிய கொக்கோத் துகள்கள் பானத்தைச் சற்றே தடிப்பாக்கும். கூழ் போன்ற பதத்தைத் தருவது பெரும்பாலும் மாவுச்சத்தே ஆகும்.

மக்காச்சோள மாவுச்சத்தின் மணிகள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை. மிதந்து பின் அடியில் படிகின்றன. வெப்பம் ஏறத்தாழ 62 முதல் 72 பாகை செல்சியசை எட்டும்போது இம்மணிகள் நீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்புகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் அமைலோசு என்னும் நீண்ட மூலக்கூறுகள் நீர்மத்தில் பரவி அதன் ஓட்டத்தைத் தடுக்கின்றன. கொதிநிலையை நெருங்கும்போது கெட்டித்தன்மை முழுமை பெறுகிறது. ஆறும்போது அமைலோசு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைவதாலும், கொக்கோ வெண்ணெய் உறையத் தொடங்குவதாலும் பானம் மேலும் இறுகுகிறது.

சட்ட வரையறை

மாவு சாக்கலேட்டை விட மிகவும் மலிவானது. மாவை மிகுதியாகச் சேர்த்தால் குறைந்த சாக்கலேட்டைக் கொண்டே கெட்டியான பானம் செய்துவிடலாம். எனவே, கெட்டித்தன்மை மட்டும் தரத்தைக் காட்டாது. 2024 ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் கொக்கோவின் விலை டன் ஒன்றுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. இத்தகைய விலையேற்றங்களின்போது இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது வாங்குவோருக்குப் பயன்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட கொக்கோ, சாக்கலேட் பொருட்களுக்கான நெறிமுறை இதனை இரு வகையாகப் பிரிக்கிறது.

* சொக்கொலாத்தே ஆ லா தாசா: கொக்கோ உலர்பொருள் 35 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, மாவு அல்லது மாவுச்சத்து 8 விழுக்காட்டை மிஞ்சக் கூடாது.
* சொக்கொலாத்தே பமிலியார் ஆ லா தாசா: கொக்கோ உலர்பொருள் 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, மாவு அல்லது மாவுச்சத்து 18 விழுக்காடு வரை இருக்கலாம்.

பெயரில் ஒரு சொல்லே வேறுபட்டாலும், இரண்டாம் வகையில் மாவு இரு மடங்குக்கு மேல் இருக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது. கோதுமை, அரிசி, மக்காச்சோளம் ஆகிய மூன்றின் மாவும் அனுமதிக்கப்படுகின்றன. ஆகையால், கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் உறையிலுள்ள பொருட்பட்டியலைப் படித்தறிவது இன்றியமையாதது.

வீட்டில் செய்யும் முறை

தேவையான பொருட்கள் (4 சிறு கோப்பைகளுக்கு)

* கொழுப்பு நீக்காத பால் - 500 மில்லி லிட்டர்
* 60 விழுக்காடு கொக்கோ உள்ள கறுப்புச் சாக்கலேட் - 150 கிராம்
* மக்காச்சோள மாவுச்சத்து - 15 கிராம் (தலை தட்டிய 2 மேசைக் கரண்டி)
* சர்க்கரை - 30 கிராம்
* உப்பு - ஒரு சிட்டிகை
* இலவங்கப்பட்டை - சிறு துண்டு (விரும்பினால்)

தமிழ்நாட்டுக் கடைகளில் 'கார்ன் ஃப்ளோர்' என்று விற்கப்படும் வெண்ணிற மாவே இங்குக் குறிப்பிடப்படும் மாவுச்சத்து ஆகும். மஞ்சள் நிற மக்காச்சோள மாவும், சோளத்தை அரைத்த மாவும் வேறானவை. அவற்றைப் பயன்படுத்தினால் பானம் நறநறப்பாக இருக்கும்.

செய்முறை

1. சாக்கலேட்டைப் பொடியாக நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.
2. பாலில் ஏறத்தாழ 100 மில்லி லிட்டரைக் குளிர்ந்த நிலையிலேயே தனியே எடுத்து, அதில் மாவுச்சத்தைக் கட்டியின்றிக் கரைக்க வேண்டும்.
3. மீதிப் பாலை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, சர்க்கரை, உப்பு, இலவங்கப்பட்டை சேர்த்து மிதமான தீயில் சூடாக்க வேண்டும். ஓரங்களில் ஆவி எழத் தொடங்கியதும் பட்டையை நீக்கிவிடலாம்.
4. தீயைக் குறைத்து, நறுக்கிய சாக்கலேட்டைச் சேர்த்து முழுவதும் உருகும் வரை கலக்க வேண்டும்.
5. அடியில் படிந்த மாவுக் கரைசலை மீண்டும் ஒருமுறை கலக்கி, சாக்கலேட் பாலில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே விடாமல் கிளற வேண்டும்.
6. முதல் கொதி வந்த பின்னர் ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை சிறு தீயில் கிளறி இறக்க வேண்டும்.

பதம் பார்க்கக் கரண்டியின் பின்புறத்தைப் பானத்தில் தோய்த்து எடுத்து, அதன் மேல் விரலால் ஒரு கோடு இழுக்கலாம். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரியாக உள்ளது எனலாம். சற்று ஆறியபின் மேலும் இறுகும் என்பதால், விரும்பும் பதத்திற்குச் சிறிது முன்னதாகவே இறக்குவது நல்லது.

இவ்வளவுப்படி சாக்கலேட், சர்க்கரை, மாவுச்சத்து மூன்றும் சேர்ந்து 195 கிராம் ஆகும். அதில் மாவுச்சத்து ஏறத்தாழ 7.7 விழுக்காடு, கொக்கோ ஏறத்தாழ 46 விழுக்காடு. இவ்விரண்டு அளவுகளும் மேற்கூறிய முதல் வகைக்குரிய வரம்புகளுக்குள் அமைகின்றன.

ஏற்படக்கூடிய குறைகள்

கட்டி விழுதல்: மாவுச்சத்தை நேரடியாகச் சூடான பாலில் கொட்டினால், வெளிப்புற மணிகள் உடனே உப்பிப் பசையாகி உள்ளிருக்கும் உலர்ந்த மாவை மூடிவிடும். குளிர்ந்த பாலில் முன்னரே கரைப்பது இதனைத் தவிர்க்கவே ஆகும். கட்டி விழுந்த பானத்தை வடிகட்டிப் பயன்படுத்தலாம்.

பச்சை மாவின் சுவை: கொதி வருமுன் இறக்குவதால் இக்குறை ஏற்படும்.

நீர்த்துப்போதல்: நெடுநேரம் கொதிக்கவிட்டாலோ, கெட்டியான பின் வேகமாக அடித்தாலோ உப்பிய மணிகள் உடைந்து பானம் இளகிவிடும். இவ்வாறு இளகியதைக் கண்டு மேலும் காய்ச்சுவது பயன் தராது.

அடிப்பிடித்தல்: பாலின் புரதமும் மாவும் பாத்திரத்தின் அடியில் படிந்து கருகுவதால் ஏற்படுகிறது. சிறு தீயும், அடிவரை கிளறுவதும் இதனைத் தடுக்கும்.

எஞ்சிய பானத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் களி போல் இறுகும். சிறிது பால் சேர்த்துச் சிறு தீயில் கிளறினால் மீண்டும் இளகும்.

பரிமாறும் முறை

ஸ்பெயினில் காலை உணவாகவும் மாலைச் சிற்றுண்டியாகவும் இது உண்ணப்படுகிறது. கோதுமை மாவு, நீர், உப்பு கலந்த மாவை விண்மீன் வடிவ அச்சில் முறுக்குப் போலப் பிழிந்து எண்ணெயில் பொரித்த சுரோசு இதற்கு உற்ற துணையாகும். புத்தாண்டு விடியலில் சுரோசும் சாக்கலேட்டும் உண்பது அங்குப் பரவலான வழக்கம். மத்ரித் நகரில் 1894 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சான் கினேசு சாக்கலேட் கடை இவ்வுணவுக்குப் பெயர் பெற்றது. பார்செலோனாவில் கடைந்த பாலேட்டை மேலே இட்டுப் பரிமாறுவது சுயீசு எனப்படுகிறது.

'செய்திகள் தெளிவாகவும், சாக்கலேட் கெட்டியாகவும் இருக்க வேண்டும்' என்னும் பொருள்படும் பழமொழி ஒன்று ஸ்பானிய மொழியில் உண்டு. ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும் என்பதை வலியுறுத்த இது வழங்கப்படுகிறது.