பரப்புக் கவர்ச்சி

'பர' என்னும் அடியில் பிறந்தது பரப்பு. 'கவர்' என்றால் பற்றிக்கொள்வது. நீரில் கரைந்த சாயம் போன்றவை ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் ஒட்டி நிற்பதே பரப்புக் கவர்ச்சி. பஞ்சு தண்ணீரை உள்ளிழுப்பது வேறு, அது உறிஞ்சுதல். பரப்புக் கவர்ச்சிக்கு ஈடான 'அட்சார்ப்ஷன்' என்ற சொல்லை 1881-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் இயற்பியலர் ஹைன்ரிச் கைசர்.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்புகளில் மிஞ்சும் சிரட்டையையே எடுத்துக்கொள்வோம். காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, 800 டிகிரி செல்சியஸ் அளவில் நீராவி செலுத்தினால் அதில் நுண்துளைகள் திறக்கும். நன்கு பக்குவமான கரியில் ஒரு கிராமுக்குள் 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு மடிந்து கிடக்கும். ஆண்டிபட்டி அருகே சக்கம்பட்டி போன்ற தறி ஊர்களின் சாயத் தண்ணீரை அதன் வழியே விட்டால் நிறம் பெரும்பாலும் கரியில் தங்கிவிடும். அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு பிடிபடாமல் நீரோடு போய்விடும்.