சிவன் அமல்பொடி: ஒரு மூலிகைப் பெயரின் வரலாறு

சித்தம் கலங்கியோரை அமைதிப்படுத்தவும் உறக்கம் வருவிக்கவும் இந்திய மருத்துவ மரபில் பயன்பட்டுவரும் வேர்களுள் சர்ப்பகந்தி குறிப்பிடத்தக்கது. தமிழ் மூலிகைப் பட்டியல்கள் இதனைச் 'சிவன் அமல்பொடி' என்றும் குறிக்கின்றன. பெயரைக் கண்டவுடன் சிவபெருமானும் திருநீறும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின் அத்தொடர்புக்குச் சான்றில்லை.

கொச்சியின் டச்சு ஆளுநர் ஹென்றிக் வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் 6ஆம் தொகுதியில் (1686) இச்செடி 'சோவன்ன அமெல்பொடி' என இலத்தீன் எழுத்தில் இடம்பெற்றுள்ளது. 'சோவன்ன' என்பது மலையாளச் 'சுவன்ன', தமிழில் 'சிவந்த'. பூங்கொத்தின் காம்புகள் சிவந்திருத்தலே இவ்வடைமொழிக்குக் காரணம் எனக் கொள்ளலாம். மலையாள வழக்கு இன்றும் 'அமல்பொரி', 'சுவன்ன அவில்பொரி' என்றே அமைய, தமிழ்ப் பட்டியல்கள் ரீடின் 'பொடி'யையே பின்பற்றுகின்றன. எனவே தமிழ்ப் பெயர் மக்கள் வாய்மொழியினின்று அன்றி, இலத்தீன் அச்சு நூல் வழியே வந்ததெனக் கருத இடமுண்டு. வழியில் 'சுவன்ன' 'சிவன்' ஆயிற்று.

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலைப் பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. அங்குள்ள இருமொழியாளர்க்குச் 'சுவன்ன' நிறச்சொல் என்பது விளக்க வேண்டாத செய்தி. எல்லைப்புற வழக்கை நோக்கியிருப்பின் இத்திரிபு நேர்ந்திராது.

பிகாரில் இவ்வேர் 'பாகல் கி தவா', அதாவது பித்தர் மருந்து, எனப் பயனாலேயே பெயர் பெற்றது. கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் 1931இல் இதனை மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்தாக எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் ரெசர்பைனைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நேதன் கிளைன் அமெரிக்க மனநோயாளரிடம் அதன் பயனை அறிவித்தார். சீனரும் 1950களில் இவ்வினத்தின் உறவுச் செடியொன்றைக் குருதி அழுத்தத்திற்குப் பயன்படுத்தினர். ரெசர்பைன் சிலருக்குக் கடும் மனச்சோர்வை விளைத்தமை பின்னர் வெளிப்பட்டது.

பெயர்க்குழப்பம் மொழியியல் சிக்கல் மட்டுமன்று. தமிழில் 'பாம்புக்களா' என்னும் பெயர் சர்ப்பகந்திக்கும், அமெரிக்காவிலிருந்து வந்த ரவுவோல்ஃபியா டெட்ராஃபில்லாவுக்கும் ஒருங்கே வழங்குகிறது. வேர்ச்சந்தையில் முன்னதற்குப் பின்னது கலக்கப்படுதல் அறியப்பட்டதே. இரண்டன் வேதிப்பொருள் அளவும் ஒன்றன்று.