கதியாலும் கிடுகும்: யாழ்ப்பாணத்து வேலியின் ஆயுள்

வேலி என்றதும் தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்கு நிலமே நினைவுக்கு வரும். 20 மா சேர்ந்தது ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்றே கூடுதல். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலக்கணக்கு வேலியிலும் அதன் நுண்ணிய பின்னங்களிலுமே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. சுற்றி அடைப்பதன் பெயர் அடைபட்ட நிலத்துக்கும் ஆகி வந்தது போலும். யாழ்ப்பாணத்தில் பிறந்த நமக்கோ வேலி என்றால் கதியாலும் கிடுகும் கட்டுக்கயிறும்தான். நிலத்தை அங்கே பரப்பால் அளப்பர். 16 பரப்பு ஓர் ஏக்கர். நான்கு பரப்புக் காணி சதுரமாக அமைந்தால் அதைச் சுற்றி 400 அடிக்கு மேல் வேலி வேண்டும். அந்த 400 அடியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்திராதவர்களாகவே இருப்பர்.

அவ்வேலிக்கு இரண்டு ஆயுள்கள் உண்டு. ஊன்றிய கதியாலுக்கு ஒன்று, அதன்மேல் கட்டிய மறைப்புக்கு ஒன்று. கதியால் என்பது வெட்டி நட்டால் வேர்விடும் தடி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவை இதற்கு உகந்தவை. ஐப்பசி மழையில் நிலம் நனைந்ததும் நடுவார்கள்; மாரி முடிவதற்குள் தளிர்த்துவிடும். தளிர்க்காத தடியைக் கறையான் ஓரிரு ஆண்டுகளில் தின்று தீர்க்கும். தளிர்த்ததோ நட்டவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.

மறைப்பின் கதை வேறு. தென்னோலையை நெடுகப் பிளந்து, நீரில் ஊறவைத்துப் பின்னுவது கிடுகு. அது ஒரு மாரியைத் தாங்கும். அடுத்த மாரியில் கறுத்து நொறுங்கும். பனையோலை சற்றுக் கூடுதலாக உழைக்கும். பனைமட்டையை நெருக்கி நிறுத்திக் கட்டிய மட்டை வேலி பல ஆண்டுகள் நிற்கும். கைப்பணம் குறைந்த வீட்டுக்கு அலம்பல் வேலி. காய்ந்த கிளைகளை அடுக்கி வரிச்சுத்தடி வைத்து இறுக்கினால் ஆடு மாடு நுழையாது. கழற்றிய பழைய ஓலையை எவரும் வீசியதில்லை. அது தோட்டத்து மண்ணுக்குள் பசளையாகப் போயிற்று. வெட்டிய கதியால் குழை ஆட்டுக்குப் போயிற்று. வேலியில் படர்ந்த முசுட்டையும் தூதுவளையும் அடுப்படிக்கு வந்தன. பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை நம் தலைமுறையில் இல்லை.

ஆண்டுதோறும் மறைப்பைப் புதுப்பிப்பதற்கு வேலியடைப்பு என்று பெயர். அதற்கு வேண்டிய கருவிகளுள் தலையாயது குத்தூசி. ஒரு முனை கூரானது, கயிறு கோக்கத் துளையுள்ள நீண்ட மர ஊசி. உள்ளே நிற்பவர் கிடுகின் ஊடாக அதைக் குத்தி அனுப்புவார். வெளியே நிற்பவர் கயிற்றை வாங்கி, வரிச்சைச் சுற்றித் திருப்பிக் குத்துவார். தனியொருவரால் இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு கட்டுக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி வரவேண்டியிருக்கும். எம் தந்தையாரும் அயல்வீட்டுப் பெரியவரும் ஓர் எல்லைத் தகராற்றால் மூன்று ஆண்டுகள் பேசாதிருந்தனர். அந்த மூன்று ஆண்டுகளிலும் வேலியடைப்பன்று மட்டும் பேசினர். "கொஞ்சம் மேலை குத்துங்கோ அண்ணை" என்று இவர் சொல்வார். "சரி, இறுக்கிப் பிடியும்" என்று ஓலைக்கு அப்பாலிருந்து குரல் வரும். முகம் பார்க்க வேண்டிய தேவை இல்லாததும் ஒரு வசதியே. பின்னேரம் வேலை முடிந்ததும் மறுபடி மௌனம்.

இத்தனை வேலிகள் ஏன் எழுந்தன என்பதற்கு விடை மண்ணில் பாதி, சட்டத்தில் பாதி. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி யாழ்ப்பாணத்தார் வழக்கங்களைத் தொகுத்தார். தேசவழமை என வழங்கும் அத்தொகுப்பில் பெண்களுக்கான சீதனம் பெரியதோர் இடம் பெறுகிறது. மகளுக்குச் சீதனமாகக் காணி. அவள் மகளுக்கு அதில் ஒரு துண்டு. தலைமுறைக்குத் தலைமுறை வளவு சுருங்கச் சுருங்க, வேலி நீண்டது. நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே இருந்தால் அதையும் பங்காக எழுதினர். வேலி கிணற்றுக் கட்டுவரை வந்து நிற்க, இரு வீட்டாரும் இரு பக்கமிருந்து அள்ளினர். அதே தேசவழமை, நிலம் விற்பவர் முதலில் உரித்தாளர்க்கும் பங்காளிகளுக்கும், அந்நிலத்தை ஈடாகப் பிடித்திருக்கும் அயல்காணிக்காரர்க்கும் அறிவிக்க வேண்டும் என்றது. வேலிக்கு அப்பால் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் வெறும் அயலவர் மட்டும் ஆகார்.

வழக்குகளும் இங்கிருந்தே பிறந்தன. வேலியடைக்கும்போது பட்டுப்போன கதியாலை மாற்றுவது இயல்பு. மாற்றும்போது ஒரு சாண் அப்பால் நடுவதும் சிலர்க்கு இயல்பாயிற்று. பத்து ஆண்டுகளில் பத்துச் சாண். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, எதிருரிமையாகப் பத்தாண்டு ஆண்டு அனுபவித்தவர் உரித்துக் கோரலாம். ஆகவே வேலியின் வயது நீதிமன்றத்தில் வினாவாயிற்று. சென்ற ஆண்டு கட்டிய கிடுகு அங்கே எதையும் சொல்லாது. தடித்துப் பருத்த பூவரசு சொல்லும். நில அளவையாளர் அறிக்கையில் எல்லையில் நிற்கும் உயிர்வேலி பழையதா புதியதா என்று குறிக்கப்படுவது அதனாலேயே. அரைச் சாண் நிலத்துக்காக அப்புக்காத்துமாருக்குக் காணியையே கொடுத்தவர்கள் என்று நம் ஊரவரைப் பற்றிக் கூறப்படுவதில் மிகை உண்டு, பொய் இல்லை.

வேலியைப் பாடிப் புகழ்வோர் மறந்துவிடும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆளுயரக் கிடுகு ஆட்டை மட்டும் தடுக்கவில்லை. வீட்டுப் பெண்களைத் தெருவின் கண்ணிலிருந்தும், தெருவைப் பெண்களின் கண்ணிலிருந்தும் மறைத்தது. படலையைத் திறந்து யார் எதுவரை வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கூலிக்கு வேலியடைக்க வந்தவர் நாள் முழுதும் வளவின் நான்கு எல்லைகளையும் கையால் தொட்டார். வீட்டுத் திண்ணையைத் தொட்டதில்லை. வழிப்போக்கர் ஒதுங்கவென்று கூரை வேய்ந்த சங்கடப்படலை கட்டியதும் இதே சமூகம்தான். செங்கை ஆழியான் தம் புதினம் ஒன்றுக்குக் 'கிடுகு வேலி' என்று பெயர் சூட்டியபோது, அந்தப் பெயரே ஒரு வாழ்முறையைக் குறிப்பதென்பதை ஈழத்து வாசகர்க்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

போர்க்காலத்தில் வேலியின் குறையே அதன் குணமாயிற்று. வேலியில் ஆள் புகும் அளவுக்கு விடும் இடைவெளியைப் பொட்டு என்போம். அமைதிக் காலத்தில் அது குழம்புக் கிண்ணம் போய்வரும் வழி. 1987 ஒக்டோபருக்குப் பின், ஊரடங்கு நாள்களில், தெருவில் கால்வைக்காமல் வீடுவீடாக ஊரையே கடக்க அதுவே வழியாயிற்று. மதில் கட்டியிருந்த வீடுகளுக்கு அந்த வசதி இல்லை. பின்னர் 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. நாமும் நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கிடுகு என்று ஒன்றும் எஞ்சவில்லை. கதியால் வரிசைக்கு ஊடாக நாலு வீட்டுக் கிணறும் ஒரே பார்வையில் தெரிந்தன. அவ்வளவு அருகில் வாழ்ந்திருக்கிறோம் என்பது அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

2009க்குப் பின் வேலி விரைந்து மறைந்தது. ஓலை வெட்ட ஆள் இல்லை. பின்னத் தெரிந்த கை குறைந்தது. போரில் பதுங்குகுழிகளுக்கென்று தறிக்கப்பட்ட பனைகளுக்குக் கணக்கில்லை. வெளிநாட்டுப் பணம் வந்தது, மதில் எழுந்தது. மதிலை நாம் குறை கூற மாட்டோம். ஆண்டுதோறும் கூலிக்கும் கிடுகுக்கும் கொடுத்துக் களைத்த முதியவர்க்கு ஒருமுறை கட்டினால் முடிந்தது என்பது பெரிய ஆறுதல். ஆயினும் மதிலுக்குக் குத்தூசி வேண்டா. அப்பால் ஒருவர் நிற்கவும் வேண்டா. ஓர் எல்லையை இருவர் கூடி ஆண்டுக்கொருமுறை ஒப்புக்கொள்ளும் சடங்கு அதனோடு நின்றுபோயிற்று. கட்டியவர் இறந்தபின் அவ்வெல்லை எவ்வாறு அங்கே வந்தது என்பதை அறிந்தவரும் இருக்க மாட்டார்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறிய மக்களுள் எம் உறவினர் ஒருவரும் இருந்தார். உயர் பாதுகாப்பு வலயமாக அடைக்கப்பட்ட அக்காணிகள் போர் முடிந்தபின் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து அவர் தம் வளவைத் தேடிப் போனார். வீடு இல்லை, மதில் கட்டிய அயல்வீட்டின் மதிலும் இல்லை. எங்கும் பற்றைக்காடு. உறுதியில் வடக்கு, கிழக்கு என்று எழுதியிருந்த அயலவர் பெயர்களில் பாதி இறந்தோர், பாதி கனடாவில். காட்டைத் துப்புரவாக்கிக்கொண்டு போகையில் ஓரிடத்தில் நான்கு பூவரசுகள் ஒரே நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் ஓங்கி நிற்கக் கண்டார். காடு நேர்கோட்டில் முளைப்பதில்லை. கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்ததில் கிணற்றுக் கட்டில் கால் இடறியதாம். அங்கே நின்றபடி எமக்குத் தொலைபேசியில் சொன்னார்: "அப்பு நட்ட கதியால் நிக்குது." நில அளவையாளர் மறுவாரம் அம்மரங்களிலிருந்தே அளக்கத் தொடங்கினார்.