சாவுக்கு அடித்தவர்களின் சாவு

கம்பம் பள்ளத்தாக்கில் ஊர்ச் சாவுக்குத் தப்படிப்பது யார் என்று கேட்க வேண்டியதில்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வரும் தீச்சட்டிகளுக்கு முன்னால் அடிப்பதும் அதே கைகள்தாம். தப்பு, உறுமி, கரகம் என்று ஆடிப் பிழைத்தவர்களில் எய்ட்ஸால் செத்தவர்களை மட்டும் ஊர் நினைவில் தேட முடியாது. ‘டிபி’, ‘மஞ்சக்காமாலை’, ‘வெசக்காய்ச்சல்’ என்ற சொற்களுக்குள் அந்தச் சாவுகள் புதைந்து கிடக்கின்றன.

இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சோதித்தது பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தை. அன்றிலிருந்து கிருமியும் ‘கெட்ட பொம்பள’ என்ற வசவும் ஒண்ணாவே ஊருக்குள் வந்தன. கரகாட்டக்காரியை ஏற்கெனவே அந்த வசவால்தான் ஊர் அளந்துகொண்டிருந்தது. இனி நோய் என்று தெரிந்தால் அச்சாரம் வராது. செட்டோடு சேர்த்துக்க மாட்டாங்க. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. எய்ட்ஸ் பிரச்சாரத்துக்கும் கரகமும் தெருக்கூத்தும் பறையும்தான் வேண்டியிருந்தன. ஊருக்கு எச்சரிக்கை சொல்ல நம்ம கலை வேணும். கலைஞன் செத்தால் காரணத்தைச் சொல்ல வாய் இல்லை.

மறைப்பது நம்மவர்களின் அறியாமை என்று சிலர் பேசுகிறார்கள். அவர்கள் ஆல்வின் எய்லியைப் பார்க்கட்டும். அமெரிக்கக் கறுப்பர். 1931-ல் டெக்சாஸில் பிறந்தவர். பருத்தி பொறுக்கிய தாய்க்கு மகன். 1958-ல் நியூயார்க்கில் தன் நடனக்குழுவைத் தொடங்கினார். 1960-ல் அரங்கேறிய ‘ரெவலேஷன்ஸ்’ கறுப்பர்களின் தேவாலயப் பாட்டிலும் வாழ்விலும் விளைந்தது. அதன் ஊற்றை அவர் ‘ரத்த நினைவுகள்’ என்றார். 1989 டிசம்பர் 1 அன்று, அதாவது உலக எய்ட்ஸ் தினத்திலேயே, எய்ட்ஸால் இறந்தார். வெளியே சொல்லப்பட்டதோ அரிய ரத்தக் கோளாறு என்று. தாய்க்கு அவமானம் வரக்கூடாதென்று அவரே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டது அது. உலகப் புகழ் பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், கூலிக்கு ஆடியவர் என்ன செய்வார்? மறைத்தவர்மீது குற்றமில்லை, மறைக்க வைத்த சமூகத்தின்மீதுதான் குற்றம்.

ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. எய்லியின் இறுதிச் சடங்கில் மாக்ஸ் ரோச் டிரம் அடித்தார், குழுவினர் ஆடினார்கள். அதே வருசம் பில் டி. ஜோன்ஸ் ‘டி-மேன் இன் தி வாட்டர்ஸ்’ நடனத்தை அரங்கேற்றினார். அவருடைய துணைவரும் குழுவின் இணை நிறுவனருமான ஆர்னி ஸேன் 1988-ல் எய்ட்ஸால் இறந்திருந்தார். டெமியன் என்ற ஆட்டக்காரரும் நோயில் நடக்க முடியாமல் போயிருந்தார். ஜோன்ஸ் அவரை மேடைக்குத் தூக்கிவந்தார். அவர் கைகளால் மட்டும் ஆடினார். ஆடுகிறவர்கள் தங்கள் சாவைத் தாங்களே ஆடிக் காட்டினார்கள்.

நமக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. உயிர் காக்கும் கூட்டு மருந்து பணக்கார நாடுகளில் 1996-லேயே வந்துவிட்டது. இந்திய அரசு அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். எட்டு வருசம்! அந்த எட்டு வருசத்தில் காசிருந்தவன் பிழைத்தான். அதிக பாதிப்புள்ள மாவட்டங்களின் பட்டியலில் தேனியும் இருந்தது. சேரியில் விழுந்த சாவுகளைக் கிருமி மட்டும் எழுதவில்லை. மருந்தின் விலையும் சேர்ந்து எழுதியது.

எப்படி நினைவுகூர்வது? ஒருவருக்கு இந்த நோய் இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது என்கிறது 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம். அது சரியே. வீட்டாரை நெருக்கி, ‘பேரைச் சொல்லு, நோயைச் சொல்லு’ என்று கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் இன்றைக்குப் பறை பழகும் பிள்ளைகள், ‘இந்த அடி யார் கொடுத்தது?’ என்று மூத்தவர்களிடம் கேட்கலாம். எப்படிச் செத்தார் என்பதை விட்டுவிட்டு, எப்படி அடித்தார், எப்படி ஆடினார் என்று எழுதி வைக்கலாம். ஊர்ச் சாவுக்கெல்லாம் அடித்தவர்களுக்கு அவர்களுடைய அடியையே திருப்பி அடிப்பது நம் கடன்.