அபராதம் கட்டிய தெரு

1976-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். காலையில் கோர்ட் வராந்தா முழுக்க மதுவிலக்கு கேஸ்காரர்கள். பாதிப் பேர் பெண்கள். அவர்களிடம் பிடிபட்டது பெரும்பாலும் சாராயம் நிரப்பிய லாரி டியூப் ஒன்று, தம்ளர் ஒன்று. மலையடிவாரத்தில் ஊறல் போட்டுக் காய்ச்சியவனை அங்கே நான் பார்த்ததே அபூர்வம்.

1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. மறு வருஷமே ஆட்சிப் பொறுப்பேற்றவர் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. சொந்த வீட்டையே கலை மன்றத்துக்குக் கொடுத்த காந்தியவாதி. அந்தத் தலைமுறையின் நோக்கத்தை மதிக்கிறேன். பிறகு 1971-இல் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின, 1981-இல் மறுபடி திறந்தன.

கடை மூடியிருந்த காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு அம்மா சொன்னார்: "தம்பி, வட்டிக்கு வாங்கித்தான் அபராதம் கட்டினேன். இனி யாவாரத்தைக் கூட்டினாத்தான் கடன் அடையும்." அடுத்த முறை அவர் ஜெயிலுக்குப் போனார். இரண்டு வாரம் தெரு அமைதியாக இருந்தது. பொழுது சாய்ந்த பிறகும் பெண்கள் பயமில்லாமல் குழாயடிக்குப் போனார்கள். அந்த நிம்மதி பொய்யில்லை. ஆனால் அவர் உட்கார்ந்த முனைக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். மூன்றாம் வாரம் கத்திக்குத்து. அந்தக் கட்டும் எங்கள் மேசைக்கே வந்தது.

டியூப் போய்ப் பொட்டலம் வந்தது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் இன்று ஒரு கிலோ வரை கஞ்சா சிறிய அளவு. தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு. 2021 டிசம்பரில் மாநிலம் முழுக்க 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' நடந்தது. ஆனால் என் காலத்தில் ஜாமீன் கேட்டு வந்தவர்கள் சட்டைப்பையில் பொட்டலத்தோடு சிக்கிய ராஜபாளையத்து மில் பையன்கள்தான்.

போலீஸ் தெருவுக்கு வரத்தான் வேண்டும். வந்தவர்கள் பொட்டலம் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தேடிப் போக வேண்டும். பையனைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்டுத் தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. அந்தப் பிரிவில் மனு எழுதச் சொல்லி என்னிடம் ஒருவர்கூட வந்ததில்லை. வந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக எழுதிக் கொடுத்திருப்பேன்.